பிரிசில்டூத் டாங்: பின்கண்ணாடியைத் தேய்க்காதீர்கள்

உப்புநீர்த் தொட்டியில் வளர்க்கும் டோமினி, கோலே போன்ற பிரிசில்டூத் டாங் மீன் வகைகள் நீளமாக வளர்ந்த முடிப்பாசியைத் தின்று தீர்க்கும் என்று பலர் நம்பி வாங்குகிறார்கள். தீர்க்காது. இவற்றின் பற்கள் சீப்பு போல மெல்லியவை, கடித்து அறுக்க உதவாது. பாறையிலும் கண்ணாடியிலும் படியும் பழுப்புப் படலத்தையும் கசடையும் வாரத்தான் லாயக்கு. புதிதாக அமைத்த பளிச்சென்ற டேங்கில் விட்டால் பட்டினிதான். குறைந்தது ஆறு மாதம் ஓடிய, நாலடி நீளத் தொட்டி வேண்டும். முன்கண்ணாடியை மட்டும் துடையுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். படலத்தில் சின்னச் சின்ன உதட்டுத் தடங்கள் தெரிந்தால் மீன் மேய்கிறது என்று அர்த்தம்.

வாங்கும்போது வயிறு உள்வாங்கிய மீனைத் தொடவே வேண்டாம், பெரும்பாலும் தேறாது.

கிளிப்பில் தொங்கும் நோரியை (உலர்ந்த கடற்பாசித் தாள்) முதலில் கண்டுகொள்ளாது. தட்டையான கல்லில் ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி அடியில் வையுங்கள். சுரண்டத் தோதாக இருக்கும், பழகிவிடும்.

டாங்குகளுக்கு வெண்புள்ளி நோய் சுலபமாக வரும் என்பதால் தனித்தொட்டியில் ஒரு மாதமாவது வைப்பது நல்லது. ஆனால் அங்கே மேய எதுவும் இருக்காது, சிக்கலே அதுதான். தாமிர மருந்து போடுவதானால் பாறை வைக்காதீர்கள், மருந்தை உறிஞ்சிவிடும். இரண்டு வாரம் முன்பே பிளாஸ்டிக் தகடுகளை, மீனே இல்லாத வேறொரு உப்புநீர் வாளியில் விளக்கடியில் போட்டுப் படலம் பிடிக்கவிட்டு, தனித்தொட்டியில் மாற்றி மாற்றி வையுங்கள்.

பிடிக்க வலை ஆகாது. வாலடி முள் சிக்கிக் கிழியும். டப்பாவால் முகந்து எடுங்கள்.