நூலகத்தை மாற்றி அமைக்கும் முன் கண்ணாடி பீரோவை மறந்துவிடுங்கள்

பள்ளி நூலகத்தைப் புதுப்பிக்கப் போகிறோம், பார்த்துச் சொல்லுங்கள் என்று இளம் ஆசிரியர்கள் அவ்வப்போது வரைபடம் அனுப்புகிறார்கள். ஆர்வத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் படத்துக்குப் படம், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள். தூசி, வெளிச்சம், மின்விசிறி எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கண்ணாடிக் கதவு பீரோ

இன்னும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டித் தருவார்கள். முதல் செலவே ஆறரை அடி இரும்பு பீரோ, கண்ணாடிக் கதவு, பூட்டு. ஒரு தொடக்கப் பள்ளியில் வந்த தொகையில் பெரும்பகுதி இதற்கே போய்ச் சேர்ந்தது; புத்தகம் வாங்க மிஞ்சியது சொற்பம். சாவி தலைமை ஆசிரியரின் மேசைக்குள். அவர் பயிற்சிக்குப் போன வாரம் பீரோ திறக்கவே இல்லை. அதற்கு மேலே நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் படம் வேறு. ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’ என்று 1931இலேயே முதல் விதியாக எழுதிய சீர்காழிக்காரர்!

பூட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய கோளாறு தட்டில் இருக்கிறது. தமிழில் சின்னப் பிள்ளைகளுக்கு வரும் கதைப் புத்தகங்கள் பலவும் 16, 24 பக்கம், நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்தவை. முதுகு என்று ஒன்று கிடையாது. நுழை, நட, ஓடு, பற என்று படி பிரித்து வந்த, தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களும் ஒல்லிதான். நிறுத்தி அடுக்கினால் வெறும் கோடுகளாகத் தெரியும். படுக்க வைத்தால் மேலே இருப்பதைத் தவிர மற்றவை காணாமல் போகும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அட்டைப்படத்தைப் பார்த்துத்தானே எடுக்கும்? அதே பள்ளியில் ஒரு சிறுமி “யானை புக்” கேட்டாள். டீச்சர் பாதி அடுக்கை இறக்குவதற்குள் மணி அடித்துவிட்டது.

சுவரில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் நைலான் கயிறு கட்டி, புத்தகத்தை விரித்துத் தொங்கவிடுங்கள். இல்லையென்றால் தச்சரிடம் சொல்லி, முன்னால் ஒரு சட்டம் வைத்த குறுகலான பலகைகள் அடித்துக்கொள்ளுங்கள். அட்டை முழுக்கத் தெரியும்.

“தொலைந்தால் யார் சார் பொறுப்பு?” என்று உடனே கேட்பீர்கள். பயம் நியாயமானது. தணிக்கையில் மாட்டிக் கைக்காசு கட்டியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 215ஆம் விதியே, ஆண்டில் 1000 நூல் புழங்கினால் 5 தொலைவதை நியாயமான இழப்பாக ஏற்கிறது; மோசடியோ அலட்சியமோ இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. உங்கள் பள்ளிக்கு அது நேரடியாகப் பொருந்தாமல் இருக்கலாம். அதைக் காட்டி, பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்படி ஒரு வரம்பைத் தீர்மானமாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவேட்டு எண் வரிசை

புத்தகங்களைப் பதிவேட்டு எண்படி அடுக்குவது தணிக்கைக்கு வருபவருக்கு வசதி. பிள்ளைகளுக்கு, கபடிப் புத்தகத்தின் பக்கத்தில் யாப்பிலக்கணம். எண் பதிவேட்டிலும் உள்ளட்டையிலும் இருக்கட்டும். தட்டுகளை விலங்கு, விளையாட்டு, பேய்க்கதை என்று அவர்கள் கேட்கும் பெயரிலேயே பிரியுங்கள். நூலகங்களில் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும் டூயி முறையில் தமிழ் இலக்கியம் 894.811, அதை வைத்து ஐந்தாம் வகுப்புப் பையன் என்ன செய்வான்? மேல்நிலைப் பள்ளி என்றால் வேறு பேச்சு.

காலிகோ பைண்டிங்

துணி ஒட்டிய கெட்டி அட்டை போடும் இந்த பைண்டிங் அட்டைப்படத்தை மறைத்துவிடும். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்தால் கழற்றிவிட்டு நூலால் தைத்தாலே போதும்.

சுவர் ஓவியம்

பணம் மிஞ்சினால்.

மூட்டையில் வரும் நன்கொடை

பிரித்துப் பார்க்காமல் பதிவேட்டில் ஏற்றாதீர்கள். ஏற்றுவது ஒரு மதிய வேலை; பதிவேட்டிலிருந்து கழிக்கவோ பட்டியல், ஒப்புதல், கையெழுத்து என்று இழுக்கும். அதுவரை பழைய பாடத்திட்டத்து கைடுகளும் யாரோ பாதி எழுதிய டைரியும் தட்டை அடைத்துக்கொண்டிருக்கும்.