இன்கிரிமென்ட் தானாக வராது: இலங்கையில் அரச வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தேயிலைத் தோட்டத்தில் சம்பளம் கூடினால் லயத்துக்கே, அதாவது வரிசை வீடுகளில் இருக்கும் எல்லோருக்குமே கூடும். சங்கமும் கம்பனியும் இழுபறிப்பட்டு ஒரு நாட்சம்பளத்துக்கு வந்தால், மலையில் வேலைக்குப் பேர் விழுகிற எல்லோருக்கும் ஒரே தொகைதான். அதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஆளுக்கொரு திகதியில் தனித்தனியாக வரும் இன்கிரிமென்ட், அதாவது வருடாந்தச் சம்பள ஏற்றம், புதுசு. "ஒங்க ஆபிசுல எல்லாருக்கும் கூடிருச்சா?" என்று அம்மா இன்னும் கேட்கிறார். இல்லை அம்மா, எனக்கு ஒக்டோபரில்தான்.

முதல் வேலை: உங்கள் திகதியைக் கண்டுபிடியுங்கள்

நியமனக் கடிதத்தை எடுங்கள். நியமனம் எந்தத் திகதியில் நடைமுறைக்கு வந்ததோ, ஒவ்வொரு வருடமும் அந்தத் திகதிதான் உங்கள் சம்பள ஏற்றத் திகதி. அதைப் போனில் குறித்து வையுங்கள், ஒரு மாதம் முந்தியே மணி அடிக்கிற மாதிரி. பதவி உயர்வு கிடைத்தால் திகதி மாறக்கூடும். அப்போது புதுக் கடிதத்தைப் பாருங்கள்.

அடுத்து: சம்பள அளவுத்திட்டத்தை வாசிக்கப் பழகுங்கள்

கடிதத்தில் இப்படி ஒரு வரி இருக்கும். கே.கே.எஸ். (அலுவலக உதவியாளர்) வேலைக்கு 2016 சுற்றறிக்கைப்படி இருந்த, பி.எல். 1 என்ற குறியீடு கொண்ட அளவுத்திட்டம் இது:

24,250 – 10×250 – 10×270 – 10×300 – 12×330 – 36,410

பார்த்தால் கணக்குப் பரீட்சை போலத் தெரியும். விஷயம் சின்னது. தொடக்கம் 24,250 ரூபா. முதல் 10 ஏற்றம் 250 ரூபாப்படி, அதோடு 26,750. அதற்கடுத்த 10 ஏற்றம் 270 ரூபாப்படி. கடைசி எண்தான் உச்சம், அதற்கு மேல் இந்த அளவுத்திட்டத்தில் ஏற்றம் இல்லை. உங்கள் வரியை ஒரு தாளில் எழுதி, வருடத்துக்கு ஒரு கோடு போட்டுக் கூட்டிப் பாருங்கள். ஒருமுறை செய்தால் பிறகு மறக்காது.

இங்கே பலர் குழம்புவது: 2025 ஏப்ரலில் கூடியது இன்கிரிமென்ட் அல்ல, அது வரவு செலவுத் திட்டத்தில் வந்த சம்பளத் திருத்தம். ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250இலிருந்து 40,000 ரூபாவாக்கப்பட்டது. கூடுதல் தொகையை 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என்று கட்டங்களாகத் தர ஏற்பாடு. அதே திருத்தத்தில் வருடாந்த ஏற்றமும் 80 சதவீதம் கூடியது. ஆகக் குறைந்தது 250 ரூபாவாக இருந்தது 450 ஆனது. அதனால் மேலே உள்ள வரி வாசிக்கப் பழகத்தான். இன்றைய கணக்குக்கு 2025 அளவுத்திட்டத்தை எடுங்கள்.

பிறகு: தடை ஏதும் உண்டா?

அரச ஊழியர்களுக்கான விதித் தொகுப்பான தாபனக் கோவையின்படி ஏற்றம் உழைத்துப் பெற வேண்டியது. நோ பே லீவு (சம்பளமில்லாத லீவு) எடுத்திருந்தால் திகதி தள்ளிப் போகலாம். வேலையில் சேர்ந்த பின் எழுத வேண்டிய தடைதாண்டல் பரீட்சையில் உரிய காலத்துக்குள் சித்தியடையாவிட்டாலும் சிக்கல். இரண்டாம் மொழித் தேர்ச்சியும் (நமக்குச் சிங்களம்) அப்படித்தான். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் சரளமாகச் சிங்களம் பேசுகிறவர்கள்கூட எழுத்தில் தடுமாறுவார்கள். "நமக்குத்தான் சிங்களம் தெரியுமே" என்று இருந்துவிடாதீர்கள்.

படிவம்

திகதிக்கு முன்பே, உங்கள் தனிப்பட்ட கோவையைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம் போய்ச் சம்பள ஏற்றப் படிவத்தைக் கேளுங்கள். அது தாண்ட வேண்டியவை: வருடத்தின் லீவு விபரம், செயலாற்றுகை மதிப்பீடு, மேலதிகாரியின் சிபாரிசு, திணைக்களத் தலைவரின் கையொப்பம், கடைசியில் கணக்குக் கிளை. இதில் எங்கே வேண்டுமானாலும் படிவம் நின்றுவிடலாம். படிவம் சிங்களத்தில் மட்டும் தரப்பட்டால் தமிழ்ப் படிவம் கேளுங்கள். புரியாமல் கையொப்பம் வைக்காதீர்கள்.

நான் இடமாற்றம் பெற்றுப் போன அந்த வருடம், படிவம் கொடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தேன். ஜனவரி சம்பளச் சிலிப்பிலும் அதே பழைய எண். விசாரித்தால், பழைய காரியாலயத்திலிருந்து லீவு விபரமே வரவில்லை. போன் எடுத்தால் "அனுப்பிட்டோம்" என்பார்கள். கடைசியில் ஒரு நாள் லீவு போட்டு, பனியில் முதல் பஸ் பிடித்துப் போய், அலுமாரியில் கிடந்த அந்த ஒற்றைத் தாளை என் கண் முன்னாலேயே பதிவுத் தபாலில் போட வைத்தேன். இடமாற்றம் வந்தால் விடைபெறும் தேநீருக்கு முன் அந்தத் தாளைக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக: சிலிப்

பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளம் என்ற வரி மட்டும். கைக்கு வரும் தொகையைப் பார்த்தால் குழப்பம்தான், ஏனென்றால் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியக் கழிவும் அடிப்படையோடு சேர்ந்து கொஞ்சம் கூடும். 450 ரூபா என்ன பெரிய காசு என்று தோன்றும். ஆனால் பின்னால் பென்ஷன் கணக்கும் இந்த வரியிலிருந்துதான்.

தாமதமாகக் கிடைத்தால் நிலுவை தனி வரியாக வரும். அடுத்த மாதம் அந்த வரி இருக்காது, பதற வேண்டாம். அடிப்படைச் சம்பளம் பழைய எண்ணுக்குத் திரும்பியிருந்தால் மட்டும் அன்றைக்கே கணக்குக் கிளைக்குப் போங்கள், இரண்டு மாதச் சிலிப்பையும் கையில் எடுத்துக்கொண்டு.