கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரைந்து பாருங்கள்

தாளில் இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம் போட்டு, எதிரே கண்ணாடியை நிறுத்தி, கை நேராகத் தெரியாதபடி ஒரு புத்தகத்தால் மறைத்துவிட்டு, கண்ணாடியை மட்டும் பார்த்து இரு கோடுகளுக்கும் நடுவே பென்சிலை ஓட்டுங்கள். முனை வந்ததும் கை எதிர்ப்பக்கம் இழுக்கும். எரிச்சல் வரும், விடாதீர்கள். தினமும் 10 தடவை, 3 நாள்.

கையை அசைக்கக் கட்டளை போவது பெருமூளைப் புறணியிலிருந்து (மூளையின் வெளி அடுக்கு). தப்பைக் கவனித்துத் திருத்துவதில் பெரும்பங்கு பின்மண்டையில் இருக்கும் சிறுமூளைக்கு. 'நேற்றும் இதைச் செய்தோமே' என்ற நினைவுக்குத்தான் மூளைக்குள்ளே இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வேண்டும். 1953இல் வலிப்புக்கான அறுவையில் இருபக்கமும் அதன் பெரும்பகுதியை இழந்த ஹென்றி மொலைசன், இதே நட்சத்திரத்தை நாளுக்கு நாள் நன்றாக வரைந்தார், ஆனால் ஒவ்வொரு நாளும் அவருக்கு அது புதுசு!

அப்புறம், தாள்களில் தேதி போட்டு வையுங்கள், கடைசியில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.