போன் சர்வரை வாராவாரம் ரீபூட் செய்பவர்கள் கவனிக்கத் தவறுவது

ஆஸ்டெரிஸ்க், ஃப்ரீபிபிஎக்ஸ் மாதிரி லினக்ஸில் ஓடும் ஆபீஸ் போன் சர்வர் வைத்திருப்பவர்களில் பலர், ஞாயிறு இரவு அது தானாக ரீபூட் ஆகும்படி கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் "ஃப்ரெஷ்ஷா ஓடும்ல" என்பார்கள். என் கருத்தில் இது தேவையில்லாத வேலை. அதற்காக வருஷக்கணக்கில் கை வைக்கவே மாட்டேன் என்று இருப்பதும் சரியில்லை, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்தப் பழக்கத்துக்கு நியாயமான பின்னணி இல்லாமல் இல்லை. விண்டோஸ் 95, 98 இரண்டிலும் மில்லி செகண்டுகளை எண்ணும் 32 பிட் கவுன்ட்டர் நிரம்பி, 49.7 நாளில் மெஷின் தொங்கிப் போகும் சிக்கல் இருந்தது. லினக்ஸும் ரொம்ப யோக்கியம் இல்லை, 2.6.32 காலத்துக் கர்னல்கள் (லினக்ஸின் மையப் பகுதி) சிலவற்றில் தொடர்ந்து 208 நாள் ஓடினால் சர்வர் விழுந்துவிடும் பக் ஒன்று இருந்தது. ஆனால் அதற்கு வைத்தியம் கர்னலை அப்டேட் செய்ததுதான்.

பெரும்பாலானவர்களைப் பயமுறுத்துவது மெமரி. மெமரி நிலவரம் காட்டும் ஃப்ரீ கமாண்டை அடித்துப் பார்க்கிறார்கள், 4 ஜிபி மெஷினில் ஃப்ரீ என்ற இடத்தில் வெறும் 150 எம்பி என்று காட்டுகிறது, உடனே ரீபூட், அப்புறம் 3 ஜிபி காலியாகத் தெரிந்ததும் மனசு குளிர்ந்துவிடுகிறது. லினக்ஸ் சும்மா கிடக்கும் மெமரியை டிஸ்க் கேஷுக்கு (டிஸ்க்கில் படித்ததை நினைவில் வைத்துக்கொள்ள) எடுத்துக்கொள்ளும், யாராவது கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடும். பார்க்க வேண்டியது அவைலபிள் என்ற கடைசிக் கட்டம். நிஜமாகவே லீக் (எடுத்த மெமரியைத் திருப்பித் தராத கோளாறு) இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ஆஸ்டெரிஸ்க் ப்ராசஸ் எவ்வளவு மெமரி பிடித்திருக்கிறது என்பதை கால் எதுவும் இல்லாத நேரத்தில், தினமும் ஒரே மணிக்குக் குறித்து வையுங்கள். சும்மா இருக்கும்போதும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போய், மெமரி போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் ஸ்வாப் இடத்தையும் தின்ன ஆரம்பித்தால் அது லீக். அப்போதும் அந்த சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்து சமாளித்துக்கொண்டு, வெர்ஷனை மாற்றவோ தேவையில்லாத மாட்யூல்களை நிறுத்தவோ பார்க்க வேண்டும்.

இதைவிட ஏமாற்றுவது டிஸ்க். கால் ரெக்கார்டிங்கும் ஆஸ்டெரிஸ்க்கின் ஃபுல் லாகும் சேர்ந்து டிஸ்க் நிறைந்து போகிறது, யாரோ அந்த லாக் ஃபைலை அழிக்கிறார்கள், ஆனாலும் டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கமாண்ட் நூறு சதவீதம் என்றே காட்டுகிறது. ஆஸ்டெரிஸ்க் அந்த ஃபைலை இன்னும் திறந்தே வைத்திருப்பதால் இடம் விடுபடவில்லை. ரீபூட் செய்ததும் இடம் கிடைத்துவிடுகிறது, "பார்த்தீங்களா, ரீபூட் பண்ணா சரியாயிடுது" என்ற நம்பிக்கையும் கெட்டிப்பட்டுவிடுகிறது. ஆஸ்டெரிஸ்க் கன்சோலில் லாகர் ரீலோட் என்று அடித்து, லாக் ஃபைலை மூடித் திறக்க வைத்திருந்தாலே போதும். பழைய லாகுகளைத் தானாகக் கழிக்கும் லாக்ரொட்டேட் ஒழுங்காக இருந்திருந்தால் அந்த வேலைகூட வந்திருக்காது.

ரீபூட்டால் வரும் நஷ்டத்தில் யாரும் கணக்கில் சேர்க்காதது தடயம். ஜர்னல் லாகை (சிஸ்டம் எழுதும் நிகழ்வுப் பதிவு) டிஸ்க்கில் சேமிக்கும்படி வைக்காத சர்வர்களில் அது மெமரியில்தான் இருக்கும், ரீபூட்டோடு போய்விடும். ஏன் தொங்கியது என்பதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியை நாமே அழித்துவிட்டு அடுத்த வாரமும் அதே சிக்கலுக்குக் காத்திருக்கிறோம். /var/log டைரக்டரியில் ஜர்னல் என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

கிரான் நேரத்திலும் ஒரு கோளாறு உண்டு. சர்வர் கடிகாரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நீங்கள் உள்ளூர் நேரம் என்று நினைத்து அதிகாலை 3 மணி போடுகிறீர்கள், அது வேலை நேரத்தில் வந்து விழுகிறது. அல்லது சரியாக பேக்கப் ஓடும் நேரத்தில். ரீபூட் கமாண்ட், யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்க்காது. ஆஸ்டெரிஸ்க்கிடம் அதற்கு வழி இருக்கிறது: கோர் ரீஸ்டார்ட் வென் கன்வீனியன்ட் என்றால் புதிய கால்களையும் எடுத்துக்கொண்டே, ஒரு காலும் இல்லாத நொடி வரும்வரை காத்திருக்கும். கிரேஸ்ஃபுல்லி என்றால் புதிய கால்களை மறுத்துவிட்டு, இருப்பவை முடிந்ததும் ரீஸ்டார்ட் ஆகும். பிசியான ஆபீஸில் வென் கன்வீனியன்ட் கமாண்ட் நாள் முழுக்கக் காத்திருக்க நேரலாம், அது வேறு விஷயம். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: கால் விவரங்கள் மைஐசாம் (மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் பழைய வகை) டேபிளில் இருந்தால் அது உடைந்து, ரிப்பேர் ஓட்ட வேண்டி வரலாம்.

சரி, எப்போதுதான் ரீபூட் செய்வது? கர்னல் அப்டேட் வந்தால் கண்டிப்பாக. டெபியன், உபுண்டுவில் ரீபூட்-ரிக்வயர்ட் என்ற ஃபைல் உருவாகியிருக்கிறதா என்று பார்க்கலாம், ரெட்ஹேட் வகையில் நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங் கமாண்ட் சொல்லிவிடும். டெலிபோன் லைனை நேரடியாக இணைக்கும் பிஆர்ஐ அல்லது அனலாக் கார்டு போட்டிருப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். அந்தக் கார்டுகளை இயக்கும் டாடி (DAHDI) டிரைவர் பழைய கர்னலுக்காகக் கட்டப்பட்டிருக்கும், புதிய கர்னலில் பூட் ஆனதும் கார்டையே காணோம் என்று சொல்லும். வாராந்திர ரீபூட்டும் தானியங்கி அப்டேட்டும் ஒன்றாக வைத்திருந்தால் இது திங்கட்கிழமை காலையில்தான் தெரியும், அதுவும் லைன் எடுக்கவில்லை என்று எல்லாரும் கத்தும்போது.

ரீபூட்டே செய்யாதவர்களின் ஆபத்து வேறு மாதிரி. இரண்டு வருஷத்துக்கு முன் யாரோ கையால் அடித்த ஃபயர்வால் விதி மெமரியில் மட்டும் இருக்கும், கையால் கிளப்பிவிட்ட சர்வீஸ் பூட்டில் தானாக எழும்பாது. கரன்ட் போய் வரும் அன்றைக்கு இதெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வரும், எந்த மாற்றம் காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது. பெரிய மாற்றம் செய்தால் அன்றைக்கே, ஆள் பக்கத்தில் இருக்கும்போதே ஒருமுறை ரீபூட் செய்து பார்த்துவிடுங்கள்.

எழுந்த பிறகு சர்வர் பிங் ஆகிறது என்பதோடு விட்டுவிடாதீர்கள். ட்ரங்க் (வெளி போன் கம்பெனியோடு உள்ள இணைப்பு) ரெஜிஸ்டர் ஆகியிருக்கிறதா, வெளியே ஒரு கால், உள்ளே ஒரு கால், இரண்டு பக்கமும் குரல் கேட்கிறதா என்று பாருங்கள். டிஎல்எஸ் என்ற பாதுகாப்பான இணைப்பில் சேரும் போன்களில் சில, பழைய இணைப்பு அறுந்ததைக் கவனிக்காமல் அடுத்த ரெஜிஸ்ட்ரேஷன் நேரம் வரும்வரை சும்மா இருக்கும். அந்த இடைவெளி 3600 செகண்ட் என்று இருந்தால் ஒரு மணி நேரம் வரைக்கும் அந்த எக்ஸ்டென்ஷனுக்கு ரிங் போகாது.