ஏ.சி. நீர்க்கசிவால் சுவரில் படரும் பூஞ்சணத்தை நீக்கும் முறை

ஏ.சி. பொருத்திய சுவரில் கரும்புள்ளிகள் தோன்றியதும் பலர் முதலில் தேடுவது பிளீச்சிங் திரவத்தைத்தான். ஆனால், ஈரமான பரப்பில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் வளரத் தொடங்கிவிடும் என்பதால், கசிவை நிறுத்தாமல் சுவரைத் தேய்ப்பது வீண் உழைப்பு. முதலில் ஏ.சி.யை அணைத்து, மின்னிணைப்பையும் துண்டித்துவிட வேண்டும். கருவிக்குள்ளும் பூஞ்சணம் இருந்தால், சுழலும் விசிறி அதன் நுண்வித்துகளை அறை முழுவதும் பரப்பிவிடும்.

அறைக் காற்றிலுள்ள ஈரம், ஏ.சி.க்குள் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலின் மேல் நீராகப் படிந்து, அடியிலுள்ள தட்டில் சேர்ந்து, வடிகுழாய் வழியே வெளியேற வேண்டும். அந்தக் குழாயில் தூசியும் வழுவழுப்பான பாசியும் அடைத்துக்கொண்டால் தட்டு நிரம்பி, நீர் சுவரில் இறங்கும். பெரும்பாலான கசிவுகளுக்கு இதுவே காரணம். ஈரத்தையும் உறிஞ்சக்கூடிய வாக்குவம் கிளீனரைக் குழாயின் வெளிமுனையில் பொருத்தி இழுத்தால் அடைப்பு பெரும்பாலும் வந்துவிடும். குழாய் சீராகக் கீழ்நோக்கிச் சரியாமல் நடுவில் எங்காவது மேலெழுந்திருந்தால், எத்தனை முறை சுத்தம் செய்தாலும் நீர் தேங்கத்தான் செய்யும். ஃபில்டரில் அழுக்கு மண்டிக் காற்றோட்டம் குறையும்போது, காயிலில் பனி உறைந்து பிறகு உருகி வழிவதும் உண்டு. ஃபில்டரைக் கழுவிய பின்னும் பனி படிந்தால், குளிர்பதன வாயு குறைந்திருக்கக்கூடும். அதைச் சரிசெய்வது மெக்கானிக்கின் வேலை.

கசிவு நின்ற பிறகே சுவருக்கு வர வேண்டும். ஏறக்குறைய 10 சதுர அடிக்குள் படர்ந்திருந்தால் நாமே நீக்கலாம்; அதற்கு மேல் பரவியிருந்தாலோ, வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தாலோ, இப்பணியில் பழகியவர்களிடம் விடுவதே நல்லது. என்95 முகக்கவசம், கையுறை, கண்களைக் காக்கும் கண்ணாடி அணிந்து, சன்னலைத் திறந்து வைத்து, சோப்பு நீரால் நனைத்துத் தேய்க்க வேண்டும். உலர்ந்த நிலையில் சுரண்டினால் நுண்வித்துகள் காற்றில் கலக்கும். பிளீச்சிங் திரவம் கட்டாயமில்லை. நுண்துளைகள் உள்ள பரப்புகளில் அது ஆழமாக இறங்குவதுமில்லை. பயன்படுத்தியே தீருவதென்றால், அமோனியா கலந்த துப்புரவுத் திரவத்துடனோ வினிகர் போன்ற அமிலத்துடனோ ஒருபோதும் கலக்கக்கூடாது; நச்சு வாயு வெளிப்படும்.

ஓடு, கண்ணாடி, உலோகம் போன்றவை கழுவினால் மீளும். நீரில் ஊறிப் பூஞ்சணம் பிடித்த ஜிப்சம் பலகையையும் ஃபால்ஸ் சீலிங் அட்டையையும் வெட்டி அகற்றிப் புதிதாக மாற்ற வேண்டும்.

கறையை மறைக்கும் அவசரத்தில் உடனே பெயின்ட் அடித்தால், ஈரம் உள்ளே சிக்கிப் பெயின்ட் உரிந்துவிடும். ஒரு துண்டு பாலித்தீன் தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உட்புறம் நீர் முத்துகள் தெரிந்தால் சுவர் இன்னும் உலரவில்லை. அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழ் இருப்பது அவசியம். மலிவான ஈரப்பதமானி ஒன்றே இதை அறியப் போதும்.

மீண்டும் ஏ.சி.யை இயக்கும்போது புழுக்க வாடை வீசினாலோ, காற்று வரும் வாயில் கரும்புள்ளிகள் தெரிந்தாலோ, பூஞ்சணம் உள்ளிருந்து காற்றை வீசும் புளோயர் உருளையில் ஒட்டியிருக்கிறது என்று கொள்ளலாம். அதைக் கழற்றிக் கழுவும்படி மெக்கானிக்கிடம் குறிப்பாகக் கேளுங்கள். வழக்கமான சர்வீஸில் பலர் ஃபில்டரோடு நிறுத்திவிடுகிறார்கள்.