கபடி வீரரின் அசைவைக் கணினிக்குக் கற்பிக்கும் முறை

திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடையை ஒட்டிக் கபடிப் போட்டி நடந்தால், அதைக் கைப்பேசியில் படம்பிடிக்க நாலைந்து பேராவது நிற்பார்கள். அத்தகைய படங்களைக் கொண்டே, பாடிச் செல்பவர் எப்போது கால் நீட்டித் தொடுகிறார், எப்போது பின்னால் உதைக்கிறார், பிடிப்பவர் கணுக்காலைப் பற்றுகிறாரா தொடையைப் பற்றுகிறாரா என்பதை ஆழ்கற்றல் (எடுத்துக்காட்டுகளிலிருந்து கணினி தானே கற்கும் முறை) வழியாகக் கணினியே பிரித்தறியச் செய்யலாம். ஓரளவு பைத்தான் நிரல்மொழி தெரிந்த ஒருவர் உடனிருந்தால், பயிற்சியாளரே இதைத் தொடங்கிவிட முடியும்.

முதலில் படப்பிடிப்பு. ஆடுகளத்தின் நான்கு மூலைகளும் தெரியும்படி, ஆள் உயரத்துக்கு மேலாகக் கேமராவை அசையாமல் நிறுத்த வேண்டும். நொடிக்கு 60 சட்டகங்களும் (காணொளியின் தனித்தனி நிலைப்படங்கள்), 1/500 நொடி ஷட்டர் வேகமும் இருந்தால் உதைக்கும் கால் மங்கலாகப் பதியாது. இரவு விளக்கொளியில் இவ்வேகத்துக்குப் படம் இருண்டுவிடுமாதலால், பகல்நேரப் பயிற்சியிலிருந்து தொடங்குவது நல்லது. ஆனி, ஆடிக் காற்றில் முக்காலி ஆடும்; அதன் நடுத்தண்டில் மணல்மூட்டை ஒன்றைத் தொங்கவிட வேண்டும். மாணவர்களைப் படம்பிடிப்பதற்கு முன் பெற்றோரின் சம்மதத்தைப் பெற்றே ஆக வேண்டும்.

அடுத்து, படத்தில் உள்ளவற்றைக் கண்டறியும் யோலோ போன்ற மாதிரியால் (ஏற்கெனவே பயிற்றுவிக்கப்பட்ட நிரலால்) ஒவ்வொரு சட்டகத்திலும் ஆட்களைக் கண்டறிந்து, பைட்டிராக் என்ற பின்தொடரும் நிரல் மூலம் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணைத் தொடர்ந்து வழங்க வேண்டும். ஐந்தாறு பேர் ஒருவர்மேல் ஒருவராக விழும்போது இவ்வெண்கள் இடம் மாறிவிடும். அந்த இடங்களைக் கண்ணால் பார்த்துத் திருத்துவதைத் தவிர எனக்குத் தெரிந்து வேறு நம்பகமான வழியில்லை. ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது என்பதால், நான்கு மூலைகளை வைத்துப் படத்தின் புள்ளிகளைத் தரையின் அளவுகளாக மாற்றலாம். கோட்டோரம் நிற்கும் கூட்டத்தையும் இதனாலேயே விலக்கலாம்.

பாடிச் செல்பவருக்குக் கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. ஒரு கால் கோட்டைத் தாண்டி ஊன்றியிருக்க, மறுகால் அந்தரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. மூட்டு முதலிய உடலிடங்களைப் படத்தில் குறிக்கப் பரவலாகப் பயன்படும் கோகோ (COCO) அமைப்பின் 17 உடற்புள்ளிகள் கணுக்காலோடு முடிந்துவிடுகின்றன. குதிகாலும் பாதநுனியும் அதில் இல்லை. மீடியாபைப் என்ற மென்பொருளின் 33 புள்ளிகளில் அவை உண்டு என்பதால், ஒவ்வொரு வீரரையும் தனியே வெட்டியெடுத்து அதற்குக் கொடுக்கலாம். ஆனாலும், தூக்கிய காலைத் தரையளவாக மாற்றினால், கேமராவிலிருந்து அது உண்மையைவிடத் தள்ளி இருப்பதாகவே கணக்கு வரும். ஆகவே ஊன்றிய காலுக்கு மட்டுமே அந்த மாற்றம் பொருந்தும்.

இடுப்பின் நடுவை மையமாகவும் உடற்பகுதியின் நீளத்தை ஓர் அலகாகவும் கொண்டு புள்ளிகளைச் சீராக்கிய பின், ஒரு நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எந்த அசைவு உள்ளது எனப் பெயரிட வேண்டும். ‘எதுவுமில்லை’ என்ற வகையை விட்டுவிட்டால், சும்மா நிற்பவரையும் மாதிரி ஏதோ ஓர் உதையாகவே காட்டும். வகைப்படுத்த, வரிசையாக வரும் தரவைக் கற்கும் எல்எஸ்டிஎம் (LSTM) மாதிரி போதும். தரவு பெருகிய பின் மூட்டுகளின் இணைப்பையும் சேர்த்துக் கற்கும் எஸ்டி-ஜிசிஎன் (ST-GCN) பக்கம் போகலாம்.

துண்டுகளைக் கலைத்துப் போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கக் கூடாது. நாங்கள் முதலில் அப்படித்தான் செய்தோம். மதிப்பெண் மிக நன்றாக வந்தது, பக்கத்து ஊர் அணியின் படத்தைக் கொடுத்ததும் மாதிரி தடுமாறிவிட்டது. ஒரே வீரர் இரு பக்கமும் இருந்ததால், அது அசைவைக் கற்காமல் ஆளைக் கற்றிருந்தது. வீரர் வாரியாகவே பிரித்து, எந்தப் பிடியை எந்தப் பிடியாகத் தவறாகச் சொல்கிறது என்று அட்டவணையிட்டு, அந்தத் துண்டுகளைப் பயிற்சியாளருடன் மெதுவாக ஓட்டிப் பார்த்துப் பெயர்களைத் திருத்தி, மீண்டும் பயிற்றுவிக்க வேண்டும்.