பழைய புல்லட்காரர் குரூஸரை ஓட்டிப் பார்க்க

பழைய பைக் பிரியர்கள் கூடினால், காலை முன்னால் நீட்டி உட்கார்ந்து ஓட்டும் நீளமான பைக்கான குரூஸருக்கு அர்ச்சனை நிச்சயம். ‘சோபாவுக்குச் சக்கரம் மாட்டியது’ என்பார்கள். நானும் வலது காலால் கியர் போடும் பழைய புல்லட்காரன்தான். ஆனால் ஓட்டாமலே தீர்ப்புச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. யாராவது தன் குரூஸரை நம்பிக் கொடுத்தால் இப்படி ஓட்டிப் பாருங்கள்.

முதலில் கால். நமக்கு பிரேக் இடது பக்கம், அதில் வலது பக்கம். அவசரத்தில் பழகிய கால்தான் முந்தும். பிரேக் என்று நினைத்து கியரை மிதித்துவிடுவோம். கால் வைக்கும் ஃபுட்பெக் வேறு முன்னால் தள்ளி இருக்கும். அதனால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் உட்கார்ந்து, வலது காலால் பிரேக் மிதித்துப் பழகுங்கள். கால் தானாகப் போகிற வரை ரோட்டில் இறங்க வேண்டாம். வண்டி நீளம், எடை பின்பக்கம் அதிகம் என்பதால் மற்ற பைக்குகளைவிட இதில் பின் பிரேக்குக்கு வேலை கூடுதல். அதற்காக முன் பிரேக்கை மறந்துவிடாதீர்கள்.

அப்புறம் வளைவு. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் நன்றாகச் சாய்ந்திருப்பதால் நேர் ரோட்டில் ஆடாமல் போகும், மெதுவாகத் திருப்பும்போது கனக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். அதிகம் சாய்த்தால் முதலில் தரையில் உரசுவது ஃபுட்பெக்தான். அந்தச் சத்தத்துக்குப் பதறி பிரேக்கைப் பிடிக்கக் கூடாது. யூ-டர்னில் கிளட்ச் பாதி, பின் பிரேக் லேசாக, பார்வை போக வேண்டிய பக்கம்.

பள்ளம் வந்தால் அடி நேராக முதுகுக்கு. கால் முன்னால் இருப்பதால் எழுந்து நின்று சமாளிக்க முடியாது. இந்தக் குறை நிஜம், தாராளமாகச் சொல்லுங்கள். தண்ணீரில் குளிரும் இன்ஜினுக்கு, காற்றில் குளிர உதவும் ஃபின் தகடுகளை வெறும் அழகுக்காக வைப்பதும் எனக்குப் பிடிக்காது.

ஆனால் ‘நேற்று வந்த ஃபேஷன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ஹார்லி 1971-லேயே ஒரு மாடலின் ஃபிரேமில் இன்னொரு மாடலின் முன்பகுதியைப் பொருத்தி சூப்பர் கிளைடு என்ற குரூஸரை விற்றது. இரண்டு சிலிண்டரும் V வடிவில் நிற்கும் ஹார்லியின் 45 டிகிரி வி-ட்வின் இன்ஜினின் தாளமும் ஜோடனை இல்லை. இரண்டு பிஸ்டனும் சுழலும் கிராங்க் தண்டில் ஒரே பின்னில் இணைவதால், தண்டு 315 டிகிரி, 405 டிகிரி சுற்றும் இடைவெளியில் மாறி மாறி வெடிக்கிறது. ஐடிலில் விட்டுக் கேளுங்கள், அந்த இடைவெளி காதுக்கே பிடிபடும்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது உங்கள் புல்லட் சாவியையும் நீட்டுங்கள். ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெதுவாக அழுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஸர் லிவரைப் பிடித்துச் சற்றே தாண்டவிட்டு, கிக்கரை மேலே கொண்டுவரச் சொல்லித் தாருங்கள். டிகம்ப்ரஸரை விட்ட பிறகு ஒரே மிதியில் கடைசி வரை போக வேண்டும். பாதியில் விட்டால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.